சந்தேகத்தின் பலன்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் தேதி, புதன்கிழமை காலையில், கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவே உள்ள கருணாபுரத்திலிருந்து வயிற்று வலியும் வாந்தியும் கண் மங்கலுமாக ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், முந்தின நாள் குடித்த பாக்கெட் சாராயமே இதற்கெல்லாம் காரணம் என்று அவர்களுடைய மனைவியரும் மக்களும் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்த வேளையில், மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிடத்திலிருந்து வெளிவந்த முதல் விளக்கம், இறந்தவர்கள் கள்ளச் சாராயத்தால் இறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதாக இருந்தது. வயிற்றுப்போக்கு என்றும் வலிப்பு என்றும் முதுமை என்றும் ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனியே ஒரு காரணம் கூறப்பட்டது. பொழுது சாய்வதற்குள் நிலைமை மாறிவிட்டது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்; வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று. இரத்தத்திலும் சாராயத்திலும் மெதனால் என்னும் விஷம் இருந்தது பரிசோதனையில் உறுதியாயிற்று. கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் முண்டியம்பாக்கத்திலும் புதுச்சேரி ஜிப்மரிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பெண்கள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த விளக்கத்தை அளித்த தனி மனிதரைக் கூண்டில் நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருக்கு எத்தகைய தகவல் எந்த நேரத்தில் யாரால் தரப்பட்டது என்பதையெல்லாம் விசாரணை மன்றங்கள் ஆராயட்டும். என் நெஞ்சை உறுத்துவது அதனினும் பழைய ஒரு பழக்கம். குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சியம் ஐயத்துக்கு இடம் கொடுக்குமானால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து அவனை விடுதலை செய்வது நெடுநாளைய தர்மம். தவறு நேர்ந்தால் நிரபராதி ஒருவனுடைய வாழ்வு அழியும் என்ற அச்சமே அந்தத் தர்மத்தின் வேர். ஊரில் காரணம் தெரியாத சாவுகள் விழத் தொடங்கும்போதும் சாட்சியம் ஐயத்துக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆய்வறிக்கை வர நாளாகும், வைத்தியர்கள் ஒருமித்துப் பேசமாட்டார்கள், உறவினர் சொல்வதில் பாதி பயமும் பாதி மறைப்பும் கலந்திருக்கும். அந்த வேளையில் சந்தேகத்தின் பலனைப் பெறவேண்டியவர்கள், தவறு நேர்ந்தால் உயிரை இழக்கப் போகிறவர்களே. ஆனால் கள்ளக்குறிச்சியையும் அதற்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும் சூழ்ந்த இந்தப் பிராந்தியத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், அந்தப் பலனைச் சர்க்கார்கள் பெரும்பாலும் தமக்கே எடுத்துக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நீர் கொடுக்கின்றன. பழைய ஜில்லாப் பிரிவினையில் இதன் கிழக்குப் பகுதி தென்னார்க்காட்டுக்கும், மேற்குப் பகுதி சேலம் ஜில்லாவின் ஆத்தூர்த் தாலுகாவுக்கும் உரியதாக இருந்தது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் இங்கே வாழ்கிறார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் வெகுகாலம் இருந்த இம்மலைப் பகுதி, நாடு சுதந்திரம் அடைந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னர், 1976-இல்தான் முழுமையாக அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. கீழேயுள்ள ஊரோ 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகி, 2019 நவம்பர் 26 அன்று தன் பெயரிலேயே தனி மாவட்டம் ஆயிற்று. மலைமேல் உள்ள வெள்ளிமலை என்னும் ஊருக்கு ஒரு தாலுகா அலுவலகம் கிடைப்பதற்கு மலை காத்திருந்த காலத்தை எண்ணிப் பார்த்தால், அங்கே சர்க்கார் என்பது எந்த உடையில் முதலில் வந்திருக்கும் என்பது விளங்கும். அது காக்கி உடையில் வந்தது. வனத்துறைக் காவலரும் ஆப்காரி என்னும் மதுவரித் துறையின் சேவகரும் பின்னர் மதுவிலக்குப் போலீசுமே அந்த ஜனங்கள் அறிந்த சர்க்கார்.

சாமையும் தினையும் பிற்காலத்தில் மரவள்ளியும் விளைகிற மலை அது. கடுக்காய் அதன் பேர்போன வன விளைபொருள். அந்தக் கடுக்காய்க்கே சாராயத் தொழிலிலும் இடம் உண்டு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வெள்வேல மரப்பட்டையும் கடுக்காயும் இட்டுச் சில நாள் புளிக்க வைத்தால் அது ஊறல். ஓடைக்கரையில் அடுப்பு மூட்டி ஊறலைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து வடித்தால் அது சாராயம். ஆவியைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், பிறர் கண்ணில் படாத மறைவிடம் வேண்டும். இம்மூன்றையும் ஒருசேரக் கொடுப்பது மலையோடை ஒன்றுதான். பானைக்குப் பதில் பீப்பாயும் பீப்பாய்க்குப் பதில் பிளாஸ்டிக் தொட்டியும் வந்ததைத் தவிர இந்த முறையில் பெரிய மாறுதல் இல்லை. வடித்த சரக்கை லாரி ட்யூபில் அடைத்து அடிவாரத்து ஊர்களுக்கு இறக்குவார்கள்.

இந்தத் தொழிலைக் குற்றமாக்கியது தர்மோபதேசம் அன்று, வருமானம். 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், வடிப்பதையும் விற்பதையும் சர்க்காரின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதே தென்னார்க்காட்டு ஜில்லாவில், நெல்லிக்குப்பத்தில், பாரி கம்பெனியின் வடிசாலை பெரிய அளவில் சாராயம் இறக்கிச் சர்க்காருக்கு வரி செலுத்திக்கொண்டிருந்தது. மலையோடைக் கரையில் தன் தேவைக்கு வடித்தவன் தண்டனைக்கு உரியவனானான். பிறகு மதுவிலக்கு வந்தது. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, ஆத்தூர்த் தாலுகாவுக்குரிய மேற்குச் சரிவு விலக்குக்கு உட்பட்டதாகவும், கள்ளக்குறிச்சித் தாலுகாவுக்குரிய கிழக்குச் சரிவு உட்படாததாகவும் ஒரே மலை இரண்டாகப் பிரிந்து நின்றது. தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. அதன்பின் 1971-இல் தளர்ந்து, 1974-இல் திரும்பி, 1981-இல் மீண்டும் தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் பிறந்து, 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்து சேர்ந்த கதையைத் தமிழ் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையோரத்தில் அடுப்பு அணையவில்லை என்பதே இங்கே வேண்டப்படும் செய்தி.

ஆனால் கருணாபுரத்தில் சாவை விளைத்தது அந்த அடுப்பின் சரக்கன்று. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், இந்த வேறுபாடு தெளிவாகாதவரை இவ்விஷயத்தில் எதுவுமே தெளிவாகாது என்பதே. வெல்ல ஊறல் புளிக்கும்போது உண்டாவது எத்தனால். மெதனால் உண்டாவதற்குப் பழத்தோலிலும் மரச்சதையிலும் உள்ள பெக்டின் போன்ற பொருள் வேண்டும்; வெல்லத்தில் அது இல்லை. ஆகவே எவ்வளவு அசுத்தமாகக் காய்ச்சினாலும் வெல்லச் சாராயத்தில் ஓர் ஊரையே கொல்லும் அளவுக்கு மெதனால் சேராது. மலைச் சாராயம் தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது குடல் அழிக்கும், குடி அழிக்கும். ஆனால் ஓர் இரவில் பல வீடுகளில் பிணம் விழச் செய்யும் மெதனால், சாயத்துக்கும் வார்னிஷுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் என்று ஆலைகளில் உற்பத்தியாகி, கணக்கோடு வந்து, கணக்கில்லாமல் கசிகிற பொருள். மணத்திலும் நிறத்திலும் அதற்கும் எத்தனாலுக்கும் வேற்றுமை காண்பது குடிப்பவனால் ஆகாது. உடலுக்குள் போன பின்னர்க் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே கண் நரம்பை அழிக்கிறது, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. பத்து மில்லி லிட்டர் கண்ணைப் பறிக்கலாம். முப்பது மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கலாம். இந்த மாற்றம் நடந்தேறப் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை ஆகும். குடித்தவன் அதுவரை சாதாரண மயக்கத்தோடு வீட்டில் படுத்திருக்கிறான். விடிந்த பிறகே வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பார்வை மங்குகிறது, வலிப்பு வருகிறது.

இப்போது அன்று காலை சொல்லப்பட்ட காரணங்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வயிற்றுக் கோளாறும் வலிப்பும் மெதனாலுக்கு மாறான காரணங்கள் அல்ல. மெதனாலின் அடையாளங்களே அவைதாம். ஒரே தெருக்களைச் சேர்ந்தவர்கள், ஒரே இரவுக்குப் பின், ஒரே விதமான குறிகளோடு வருகிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்திருந்தால், தனித்தனியே நின்ற காரணங்கள் ஒன்றாக இணைந்திருக்கும். இரத்தத்தில் அமிலத்தன்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளப்பதற்குத் தடயவியல் ஆய்வுக்கூடத்தின் தயவு தேவையில்லை. அந்த அளவும் நோயாளியின் வாய்மொழியும் சேர்ந்தால் மெதனால் என்று சந்தேகித்துச் சிகிச்சை தொடங்கலாம் என்பதை நச்சுவைத்திய நூல்கள் எல்லாம் சொல்லும். எத்தனாலையே முறிமருந்தாகக் கொடுப்பதும், ஃபோமெப்பிசோல் என்னும் ஊசியும், சோடாக் கார உப்பும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் சிகிச்சைகள். இவை எல்லாவற்றுக்கும் காலமே பிராணன். வைத்தியர்கள் தம் கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஊருக்கு விடுத்த அறிவிப்பு வேறு விஷயம். ஆதாரம் இல்லை என்று அதிகார பீடம் சொன்னால், ஆபத்து இல்லை என்றே பாமரன் காதில் விழும். முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று அந்நாட்களில் வெளிவந்த செய்திகளை நான் வயிறு எரிய வாசித்தேன். போலீசுக்குப் பயந்து, குடித்ததையே மறைத்து வீட்டில் கிடந்தவர்களும் உண்டு. குடித்தவர்கள் எல்லாரும் உடனே வாருங்கள், வழக்குப் போடமாட்டோம், கண் மங்கும் வரை காத்திராதீர்கள் என்று ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ ஒன்று அன்று காலை எட்டு மணிக்குக் கருணாபுரத்தில் சுற்றியிருக்கலாம். அந்த அறிவிப்புக்கு எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை.

இத்தகைய காலை கள்ளக்குறிச்சிக்கு மாத்திரம் வாய்த்ததன்று. 1911-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது பெர்லின் நகரசபையின் வீடற்றோர் விடுதியில் ஏழைகள் கூட்டங்கூட்டமாக விழுந்து மாண்டார்கள்; எழுபது பேரளவில் இறந்தனர். அங்கேயும் முதலில் எழுந்த அபிப்பிராயம், கெட்டுப்போன புகைமீனை அவர்கள் தின்றிருக்க வேண்டும் என்பது. மலிவு மதுவில் மெதனால் கலந்திருந்தது என்பது பின்னரே தெரிந்தது. மரச்சாராயம் என்று அப்போது வழங்கிய மெதனால் குருடாக்கும், கொல்லும் என்பதற்கு அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1904-இல், ஃபிராங்க் புல்லர், கேசி வுட் என்னும் இரண்டு கண் வைத்தியர்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி வெளியிட்டிருந்தார்கள். சாஸ்திரம் அறிந்தே இருந்தது. இறந்தவர்கள் ஏழைகளாதலால், அவர்கள் தின்ற சோற்றின்மேல் முதல் பழி விழுந்தது. ரோசா லக்சம்பர்க் அச்சம்பவத்தைப் பற்றி 1912 ஜனவரியில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

நம் மண்ணிலேயே இதற்கு மூத்த உதாரணம் உண்டு. அது சாராயத்தைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது. ஆயினும் ஐயத்தைச் சர்க்கார் எவ்வாறு ஆயுதமாக்கும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். முன்னர் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்ததற்காகக் கண்டனம் பெற்றவர் அவர். இம்முறை சிக்கனமே அவருக்கு இடப்பட்ட கட்டளை. மனித உடலுக்கு எவ்வளவு உணவு தேவை என்பதில் அக்காலத்துச் சாஸ்திரம் இன்னும் தீர்மானத்துக்கு வரவில்லை என்பது உண்மைதான். அந்தத் தீர்மானமின்மையையே அவர் பற்றுக்கோடாகக் கொண்டார்: ஒரு ராத்தல் போதலாம், சோதித்துப் பார்ப்போம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தச் சோதனைக்கு எதிரே எழுந்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அவரிடமும் பரிபூரண நிச்சயம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் கையில் சிறைச்சாலைக் கணக்குகள் இருந்தன. உழைக்கும் கைதிக்குச் சர்க்காரே எவ்வளவு உணவு கொடுத்துவந்தது, குறைத்தபோது சாவு எவ்வாறு ஏறியது என்பது அவருக்குத் தெரியும். கைதிக்குக் கொடுப்பதிலும் குறைவாகக் குற்றமற்ற குடியானவனுக்குக் கொடுத்து அவனிடம் நாள் முழுவதும் வேலை வாங்குவது அவனை மெல்லக் கொல்வதாகும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். நிவாரண முகாம்களுக்கு நேரில் போய், எலும்பும் தோலுமானவர்களைக் கண்டு, மீண்டும் எழுதினார். அரசாங்க ஊழியர் ஒருவர் தம் மேலோரை எதிர்த்து, பகிரங்கமாகவே, இத்தனை பிடிவாதத்தோடு வாதாடியது அக்காலத்தில் சுலபமான காரியமன்று. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்தி உண்டாகிறது. மே மாத இறுதியில் சென்னை சர்க்கார் கூலியை உயர்த்திற்று. அதற்குள் எத்தனை உயிர் போயிற்று என்பதை எவரும் பிரித்துக் கணக்கிட முடியாது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கு ஒன்று சொல்கிறது. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவையும் உள்ளடக்கிய சேலம் ஜில்லாவில் 1871-இல் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1881-இல் 16 லட்சம் பேர் கூட இல்லை.

காலரா விஷயத்திலும் இதே கதைதான். இந்திய சர்க்காரின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கன்னிங்ஹாம், அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்பதைக் கடைசிவரை ஒப்பவில்லை. ஒப்பினால் இந்தியக் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்களில் தனிமைப்படுத்தி நிறுத்திவிடுவார்கள் என்பது வியாபாரிகளின் கவலை. 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ராபர்ட் காக் எடுத்துக் காட்டிய பின்பும் மறுப்பு ஓயவில்லை.

மீண்டும் மலைக்கு வருவோம். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவதை அனுமானப் பிரமாணத்துக்கு உதாரணமாகத் தர்க்க சாஸ்திரம் காட்டும். கல்வராயன் மலையில் மதுவிலக்குப் போலீசார் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருப்பது அந்தப் பிரமாணத்தையே: ஓடைப் பக்கம் புகை எழுந்தால் அடுப்பு உண்டு, அடுப்பு உண்டேல் ஊறல் உண்டு. கருணாபுரத்துச் சாவுகள் நடந்தவுடன் மலையெங்கும் சோதனை நடந்தது. ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறல் தரையில் கொட்டி அழிக்கப்பட்டது. சாராயம் மலையிலிருந்து வந்தது என்ற பேச்சு முதல் நாளிலேயே எங்கும் பரவியிருந்தது. அதற்கு எந்த ஆய்வறிக்கையும் கேட்கப்படவில்லை. நகரத்தின் மத்தியில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வெகு அருகில் விற்பனை நடந்துவந்ததும், உயிரைக் குடித்தது ஆலை விஷம் என்பதும் வெளிப்பட்ட பின்னரும், மலையின்மேல் விழுந்த கறை முழுமையாக நீங்கவில்லை. ஒரே நிர்வாகம், ஒரே வாரத்தில், கருணாபுரத்துப் பிணங்களுக்குக் காரணம் சொல்லப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டும் என்று நின்றதும், மலையாளிகளின் ஓடைக்கரைக்குப் படையெடுக்க அனுமானமே போதும் என்று கொண்டதும் நான் ஆராய்ந்து சொல்லும் மர்மமன்று, எல்லாரும் பார்த்ததே. நிரூபணத்தின் அளவுகோல் இடத்துக்கு இடம் நீண்டும் குறுகியும் போனது சாஸ்திரத்தின் குறையால் அன்று, எளியவர்கள் எப்பக்கம் நிற்கிறார்கள் என்பதால்.

முன்னறிவு இல்லாமையாலும் அன்று. 2001-இல் பண்ருட்டிப் பக்கத்தில் விஷச் சாராயத்தால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே மாதத்தில் மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது தொழிற்சாலை மெதனால் என்று காவல்துறைத் தலைமையே அப்போது அறிவித்தது. பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் ஊர்கள். இன்னும் பின்னே போனால், மெதில் ஆல்கஹாலையும் வார்னிஷையும் உரிமத்தின்கீழ் வைக்கும் விதிகளை இந்த மாநிலம் 1959-லேயே எழுதிவைத்திருக்கிறது. மேஜை நாற்காலிக்குப் பூசும் வார்னிஷை ஏழைகள் குடித்துச் சாகிறார்கள் என்பது தெரிந்திராவிட்டால் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் அப்படி ஒரு விதி ஏன் பிறந்திருக்கும்? ஆகவே கருணாபுரத்தில் சாவு விழுந்த அன்று நிர்வாகத்தின் முன் இருந்தது முற்றும் புதிய புதிர் அன்று. பதின்மூன்று மாதங்களுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் கண்ட காட்சியே மறுபடியும் வந்து நின்றது.

ஐயமான வேளையில் எப்படிப் பேசவேண்டும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1926-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் நகர ஆஸ்பத்திரிகள் விஷமுண்டவர்களால் நிறைந்தன. தொழிற்சாலை எத்தனாலைக் குடிக்க முடியாதபடி செய்வதற்காக அந்நாட்டு அரசாங்கமே அதில் மெதனால் கலக்கச் சொல்லியிருந்தது; அந்தச் சரக்கே திருடப்பட்டுச் சந்தைக்கு வந்தது. நகரத்தின் தலைமை மரண விசாரணை வைத்தியர் சார்லஸ் நாரிஸ், தம் ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் கெட்லர் செய்துவந்த பரிசோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, பத்திரிகைக்காரர்களை அழைத்து, நகரில் விற்கும் மதுவில் விஷம் இருக்கிறது, குடியாதீர்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தார். ஒவ்வொரு புட்டியையும் சோதித்து முடித்த பிறகு பேசுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. விஷம் கலக்கச் சொன்ன அரசாங்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கார்னிஷும் நாரிஸும் கடலுக்கு இப்புறமும் அப்புறமும் வேறு வேறு காலத்தில் செய்தது ஒன்றே: தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, இதற்கிடையே பிழைத்திருக்க நீங்கள் செய்யவேண்டியது இது என்று பிரித்துச் சொன்னார்கள். நம் மாவட்டங்களில் ஆட்சியர் பேசுகிறார், காவல் அதிகாரி பேசுகிறார், மந்திரி பேசுகிறார். மரணத்தின் காரணத்தை ஆராயும் வைத்தியர் தம் பெயரில் ஊருக்குப் பேச வழியில்லை. அதை ஒரு பெருங்குறையாக நான் கருதுகிறேன்.

கருணாபுரத்துக்குப் பின் நடந்தவை பல. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இறந்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது, உச்ச நீதிமன்றமும் டிசம்பரில் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலைமையை உயர்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாயிற்று. அறுபதுக்கும் மேற்பட்ட சாவுகள் கீழே நடந்த பிறகே மலையின் சாலை நீதிமன்றத்தின் காதுக்கு எட்டிற்று என்பது நெஞ்சை வருத்துகிறது; எட்டியமட்டும் நல்லது.

சாவுகள் நடந்த அதே மாதத்தின் 29-ஆம் தேதி சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரைப் பறிக்கும் சாராயத்தை விற்பவனுக்கு ஆயுட்காலம் வரை கடுங்காவலும் பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதித்தது. காய்ச்சுகிறவன், கடத்துகிறவன், விற்கிறவன் எல்லாரும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறார்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே விதமான குறிகளோடு மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், எத்தனை மணி நேரத்துக்குள் யார் அந்தத் தெருவுக்குப் போய் என்ன சொல்லவேண்டும், ஆய்வறிக்கை வரும்வரை எந்த விஷயத்தை மறுக்கக் கூடாது, குடித்தேன் என்று முன்வருகிறவன்மேல் வழக்கு இல்லை என்று யார் உறுதி கொடுக்கலாம், எத்தனை ஃபோமெப்பிசோல் குப்பிகள் எந்த ஊரில் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும் என்பவற்றை நிர்ணயிக்கும் விதி அதில் இல்லை. அத்தகைய விதியை எழுதுவதற்கு ஒரு பக்கம் காகிதம் போதும். அதைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலிலும் வெள்ளிமலைத் தாலுகா அலுவலகத்திலும் ஒட்டிவைக்க ஒரு நாள் போதும்.